லிஃப்ட்காரரின் ஓங்கிய கை

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. "லிஃப்ட்காரர் வீடு எது?" என்று கேட்டால் பால் குடிக்கிற பிள்ளைகூடக் கை காட்டும். முப்பத்தேழு வருடம் ஊரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு, தான் மட்டும் படிக்கட்டில் நடந்த மனிதர் அவர். ஒவ்வொரு மாடியிலும் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும், அதற்குப் படிக்கட்டுதான் வசதி என்பார். நாங்கள் குடியிருந்ததோ தரைத்தளத்தில் இரண்டு அறை.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் போடறாரு, நமக்கு ஏறிப் பாக்க ஒரு மாடிகூடக் கிடையாது" என்று அம்மா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்பா அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அவருக்குக் கோபம் வருவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். மூடப்போகும் லிஃப்ட் கதவுக்கு நடுவில் யாராவது கையை விட்டால் அந்த ஆள் மந்திரியாக இருந்தாலும் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அந்தக் காலத்துக் கதவுகளுக்கு இரக்கம் கிடையாது. கை நடுவில் இருந்தாலும் மூடும், கழுத்து நடுவில் இருந்தாலும் மூடும். அப்பா வேலைக்குச் சேர்ந்த வருடம் கூட வேலை பார்த்தவருக்கு இரண்டு விரல் போனது. அதனால் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே இரண்டு சட்டங்கள் மனப்பாடம். மூடுகிற கதவில் கை வைக்கக் கூடாது. லிஃப்டில் மாட்டிக்கொண்டால் வெளியே வர முயற்சி செய்யக் கூடாது.

"உள்ள இருக்கற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது. அடிச்சுப் பிடிச்சு வெளிய வரப் பாக்கறவங்களுக்குத்தான் ஆபத்து. நீ இருந்த இடத்துலயே இரு. அப்பா வருவேன்."

மூன்றாவதாக ஒன்றும் வீட்டில் இருந்தது, அது சட்டமில்லை, பழக்கம். நான் ஏதாவது வம்பு செய்தால் அப்பாவின் வலது கை மேலே போகும். திருப்புளியை எடுத்துச் சுவரைக் குடைந்திருப்பேன், அல்லது வீட்டுப்பாடம் எழுதாமல் நோட்டின் நாலு மூலையையும் மடித்துக்கொண்டிருப்பேன். "இப்ப ஒண்ணு விட்டேன்னா தெரியுமா?" என்பார். கை அவர் காது உயரத்துக்குப் போய் அங்கே நிற்கும். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். பிறகு அந்தக் கை இறங்கி என் தலையில் உட்கார்ந்து, அம்மா அப்போதுதான் வாரிப் பின்னிய முடியைக் கலைத்துவிட்டுப் போகும்.

"ஏங்க, இப்பதான சீவி விட்டேன்?" என்று அம்மா கத்துவாள்.

"ஓங்கின கைக்கு ஏதாவது ஒரு வேலை வேணுமில்ல?" என்பார் அப்பா.

இது தினமும் நடக்கும். ஏழு வயது வரைக்கும் அந்தக் கை என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. கிரீஸ் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்த அந்த உள்ளங்கையின் சூடு எனக்கு இன்றும் உச்சந்தலையில் இருக்கிறது. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நான் வேறு மாதிரி சொல்லப்போகிறேன்.

எனக்கு ஏழு வயதானபோது கம்பெனி அப்பாவை மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பியது. புது வகை லிஃப்ட் வரப்போகிறது, அதைப் பூட்டவும் பிரிக்கவும் நம் ஆள் ஒருவர் கற்றுக்கொண்டு வரட்டும் என்று இருபது பேரில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவே ஒரு வாரம் அதைப் பேசியது. கடைசி மூன்று வாரம் குடும்பமும் வரலாம் என்று கம்பெனி சொன்னதால் அம்மாவும் நானும் கிளம்பினோம். எங்கள் சொந்தபந்தத்தில் விமானம் ஏறிய முதல் ஆட்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

ஏறிய முகூர்த்தம் சரியில்லை போலிருக்கிறது. விமான நிலையத்தில் சுற்றிச் சுற்றி வந்த கறுப்புப் பெட்டிகளில் அம்மா ஒன்றைப் பாய்ந்து பிடித்தாள். அறைக்குப் போய்த் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள். யாரோ கண்ணாடி வியாபாரியின் பெட்டி. நான் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் பெட்டி கிடைக்க மூன்று நாள் ஆனது. அதுவரை அம்மா, அப்பாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ட்ரெயினருடைய மனைவியின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு சுவரோரமாகவே நடமாடினாள். "பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரியே இருக்குங்க" என்றாள்.

அடுத்த வாரம் அவள் எண்ணெய் காய வைத்ததில் புகை கிளம்பி, கூரையிலிருந்த மணி ஊளையிட ஆரம்பித்தது. எட்டு மாடிக் கட்டடத்திலிருந்து அத்தனை பேரும், சிலர் துண்டோடு, தெருவில் வந்து நின்றார்கள். அம்மாவுக்கு மண்ணுக்குள் போய்விடலாமா என்றிருந்தது. அப்பாவுக்கோ முகம் நிறையப் பெருமை. "பாத்தியா, ஒருத்தர்கூட லிஃப்ட்ல வரல. எல்லாரும் படிக்கட்டு. என்ன ஒரு ஒழுங்கு" என்றார். அந்தக் கட்டடத்தில் அதற்கப்புறம் யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் எங்களுக்கு ஏற்பட்ட பெரிய ஆச்சரியம் அந்த ஊர்ப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும்தான். ட்ரெயினருக்கு ஐந்து வயதில் ஒரு பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தப் பெண் ஊஞ்சலிலிருந்து குப்புற விழுந்தது. அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடப்போனார். ட்ரெயினர் அவர் கையைப் பிடித்து, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் தலையசைத்தார். அந்தப் பெண் எங்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்தது. யாரும் வராததால் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு மறுபடி ஊஞ்சலில் ஏறிக்கொண்டது.

"கல்நெஞ்சக்காரன்" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

சாப்பாட்டு மேசையில் அந்தப் பெண் "போதும்" என்று ஏதோ சொன்னது. அவ்வளவுதான், தட்டை எடுத்துவிட்டார்கள். என்னைத் தட்டோடு வீடு முழுக்கத் துரத்தி, கடைசி வாய் அப்பாவுக்கு, அதற்கும் கடைசி வாய் அம்மாவுக்கு என்று கணக்குச் சொல்லி ஊட்டும் அம்மாவால் இதைத் தாங்க முடியவில்லை. வெளிச்சம் போகும் முன்பே அதைத் தனி அறையில் படுக்க வைத்து விளக்கை அணைத்துவிட்டு வந்ததைப் பார்த்ததும் அவள் எழுந்தே விட்டாள். "இத்தனூண்டை ஒத்தையில படுக்கப் போட்டுட்டு எப்படி இவங்களுக்குப் பேச்சு வருது?" நல்லவேளை, அவள் சொன்னது அங்கே யாருக்கும் புரியவில்லை.

அப்பா வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கோபத்தில் ஒரு கோப்பையைத் தூக்கி எறிந்தபோது ட்ரெயினர் கையும் ஓங்கவில்லை, குரலும் உயர்த்தவில்லை. ஆறடி மனிதர் தரையில் குந்தி உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்து, மெதுவாகப் பேசினார். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு நிமிஷம் பேசினாரு" என்றார் திரும்பி வரும்போது. "நம்ம ஊர்ல இதுக்கு நாலு செகண்ட்."

மறுநாள் நான் பேருந்தில் எல்லா நிறுத்தத்துக்கும் முன்னால் மணிப் பொத்தானை அமுக்கி ஓட்டுநரை ஆறு இடத்தில் நிறுத்த வைத்தேன். அறைக்கு வந்ததும் அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மூட்டு இரண்டும் டப் டப் என்றன. "சொல்லுங்க மேடம், எதுக்கு அமுக்கினீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. கை தானாக மேலே போய், இறங்கி, தலையைக் கலைத்தது.

ஊருக்குத் திரும்பும் நாள். விமானம் சாயங்காலம். விமான நிலையத்துக்குப் போகும் ரயில் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ரயில் நிலையத்தை ஒட்டி ஏழு மாடியில் கடைகள் இருந்த பெரிய கட்டடம். அதன் நடுக்கூடத்தில் இரண்டு கண்ணாடி லிஃப்ட்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் அப்பாவின் முகம் இனிப்புக் கடையைப் பார்த்த பிள்ளையின் முகமாகிவிட்டது.

"ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துடறோம்" என்று அம்மாவிடம் கெஞ்சினார். அம்மா பெட்டிகளோடு நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். இந்தத் தடவை பெட்டியை விட்டு நகரமாட்டேன் என்றாள்.

நானும் அப்பாவும் ஏறினோம். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தபோது அப்பா வெளியே இறங்கி, கதவு ஓடும் பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். "என்ன சுத்தமா வச்சிருக்கான் பாரு, ஒரு தூசி இல்ல" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். நான் உள்ளேயே நின்றேன். சும்மா நிற்கவில்லை. வரிசையாய் மின்னிய பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை அமுக்கிவிட்டேன். கதவு மூட ஆரம்பித்தது.

அப்பா கையை நீட்டியிருந்தால் போதும். அந்த ஊர்க் கதவுகள் விரல் பட்டாலே திறந்துகொள்ளும். மூன்று மாதமாக அப்பா படித்ததே அதைத்தான். ஆனால் முப்பது வயது தாண்டிய ஒரு கைக்கு மூன்று மாதப் படிப்பு எந்த மூலைக்கு? அவர் கை பாதி வரைக்கும் வந்தது. பழக்கம் அதைப் பிடித்து நிறுத்தியது. வாழ்நாள் முழுக்க ஊரையே எதற்காகத் திட்டினாரோ அதைச் செய்ய அவரால் முடியவில்லை. கதவு எங்களுக்கு நடுவில் மூடிக்கொண்டது.

எனக்குப் பயமே இல்லை. சட்டம்தான் தெரியுமே. இருந்த இடத்திலேயே இரு, அப்பா வருவேன். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். லிஃப்ட்தான் இருந்த இடத்தில் இல்லை. அப்பா பொத்தானை அமுக்கினால் பக்கத்து லிஃப்ட் வந்தது. அதில் ஏறி அவர் மேலே போனபோது நான் கீழே வந்துகொண்டிருந்தேன். பிறகு லிஃப்டை நம்பாமல் படிக்கட்டில் ஓட ஆரம்பித்தார். கண்ணாடி வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. கூடத்துக்கு எதிர்ப்பக்கம் அப்பா மேலே ஓடுவார், நான் கீழே இறங்குவேன். அவர் கீழே ஓடுவார், நான் மேலே போவேன். எனக்காக விளையாடுகிறார் என்று நினைத்து நான் கை தட்டினேன், கை ஆட்டினேன். அவர் வாயைத் திறந்து என்னவோ கத்துவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

நாலைந்து தடவை ஏறி இறங்கிய பிறகு கைக்குழந்தை வண்டியோடு ஏறிய ஒரு பெண்மணி நான் தனியாக இருப்பதைக் கவனித்தார். தரைத்தளத்தில் என் கையைப் பிடித்து வெளியே கூப்பிட்டார். வெளியே வரக் கூடாது என்பதல்லவா சட்டம்? கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினேன். காவலர்கள் இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மேசைமேல் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தார். வலது கை காது உயரத்துக்குப் போனது. நான் பழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

அந்த ஒரு தடவை அது தலைக்கு வரவில்லை. கன்னத்தோடு காதையும் சேர்த்து விழுந்தது.

எங்கள் பக்கம் தொலைந்த பிள்ளை கிடைத்தால் முதலில் ஓர் அடி, அப்புறம் கட்டிக்கொண்டு ஓர் அழுகை. இரண்டும் சேர்ந்துதான் ஒன்று. சந்தையில் தொலைந்து கிடைத்தவர்கள், குளக்கரையில் தேடிக் கிடைத்தவர்கள் எல்லாரும் இதை வாங்கியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் முதல் பாதியை மட்டும் பார்த்தார்கள். அப்பாவின் இரண்டு கையும் என்னைத் தூக்க நீண்டபோது காவலர்கள் குறுக்கே வந்துவிட்டார்கள். கைக்குழந்தை வண்டிப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

என்னை ஒரு கண்ணாடி அறைக்கு அழைத்துப்போனார்கள். பக்கத்துக் கண்ணாடி அறையில் அப்பா. சாம்பல் நிறச் சட்டை போட்ட, பிள்ளைகள் நலம் பார்க்கும் அதிகாரி அம்மாள் ஒருவர் வந்து, ட்ரெயினர் மாதிரியே என் முன்னால் குந்தி உட்கார்ந்து, வெள்ளைத் தாளும் வண்ணப் பென்சில்களும் கொடுத்தார். மேசையிலிருந்த தொலைபேசியில் ஒரு பொத்தானை அமுக்கியதும் அதிலிருந்து தமிழ் வந்தது. யாரோ ஓர் ஆணின் குரல். மூன்று வாரத்தில் அம்மா அப்பாவைத் தவிர வேறு யாரும் பேசி நான் கேட்ட முதல் தமிழ்.

"பயப்படாதம்மா. இவங்க கேக்கறதை நான் உனக்குச் சொல்றேன். அப்பா உன்னை அடிப்பாரா?"

காது எரிந்துகொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் அடித்துவிட்டாரே என்பது அதைவிட எரிந்தது. நான் சட்டப்படிதானே நடந்தேன்? இருந்த இடத்திலேயேதானே இருந்தேன்?

"ம்" என்றேன்.

"எப்பவாவது அடிப்பாரா, அடிக்கடி அடிப்பாரா?"

"தினமும்" என்றேன்.

யோசித்துத்தான் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று என்னை நானே பலமுறை சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்திருந்தது. அப்பாவை யாராவது பெரியவர்கள் கூப்பிட்டு நன்றாகத் திட்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த அம்மாள் அதை எழுதிக்கொண்டார்.

திட்டோடு முடியவில்லை. அம்மாவைப் பெட்டிகளோடு கூட்டிவந்து வேறு அறையில் உட்கார வைத்தார்கள். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். என்னை இன்று அப்பா அம்மாவோடு அனுப்புவதா, அல்லது வேறு ஒரு வீட்டில் தங்க வைத்து விசாரிப்பதா என்று பேசுகிறார்கள் என அந்தத் தொலைபேசிக் குரல் பதமாகச் சொன்னது. வேறு வீடு என்றதும் கையிலிருந்த மஞ்சள் பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டேன். சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். பொய் சொன்னேன் என்றால் இவர்கள் என்ன செய்வார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் ட்ரெயினர் வந்தார். நேராக அப்பா இருந்த அறைக்குப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஏதோ படித்தார். அப்பா நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையசைத்தார். எனக்குத்தான் தலையசைக்கிறார் என்று நினைத்து நானும் தலையசைத்தேன். அவர் குனிந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்.

எங்களை விட்டபோது விமானம் போயிருந்தது. ட்ரெயினர் பொறுப்பேற்றுக்கொண்டு தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா இரண்டடி முன்னால், கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு போனார். மூன்றாம் நாள் வேறு விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தோம்.

அதற்கப்புறம் அப்பா கை ஓங்கவில்லை. நான் சைக்கிளை விட்டு அடுத்த வீட்டுக்காரர் வண்டிக் கண்ணாடியை உடைத்தேன், ஓங்கவில்லை. கணக்கில் பதினொன்று மதிப்பெண் வாங்கிவிட்டு அம்மா கையெழுத்தை நானே போட்டேன், ஓங்கவில்லை. கை காற்சட்டைப் பைக்குள் போகும். அவர் என் முன்னால் குந்தி உட்கார்வார், மூட்டு டப் டப் என்னும், நாலு நிமிடம் பேசுவார். அந்த வயதில் என் தோழிகள் யாருடைய அப்பாவும் அவர்களோடு அப்படிப் பேசியதில்லை. என்னை ஒரு பெரிய மனுஷியாக மதித்து, "நீ என்ன நினைக்கறே?" என்று கேட்டுப் பேசியவர் அவர்தான். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஊர் அவருக்கு நல்ல பாடம்தான் சொல்லிக்கொடுத்தது. அந்த அடி வலித்தது, இன்று என் மகளை நான் அடிப்பதில்லை.

ஆனால் ஓங்காத கை இறங்குவதும் இல்லையே. என் பின்னல் அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் கலையாமல் இருந்தது. அம்மாவுக்குக் கத்த வேலையில்லாமல் போனது. பள்ளி விட்டு வந்து வேண்டுமென்றே திருப்புளியை எடுத்துச் சுவரைக் குடைந்து பார்த்திருக்கிறேன். அவர் குந்தி உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். கல்லூரி விடுதியில் என்னை விட்டுவிட்டுக் கிளம்பிய நாளிலும் பேருந்துப் படியில் ஏறி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையைப் பையில் வைத்தபடி, "பாத்து இரு" என்றார். எல்லாம் என்னால்தான், அந்த ஒரு வார்த்தையால்தான் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி மறுபடி அவரை வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு தடவை, மூன்று தடவை போய்வந்து சூப்பர்வைசர் ஆனார்கள். அவர் மெக்கானிக்காகவே ஓய்வு பெற்றார். மெஷின் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இவளுக்கு வலது பக்கக் கயிறு தேயுது" என்று திறக்காமலே சொல்லக்கூடிய ஆள். பாஷை சரியாக வராததால் அனுப்பவில்லை போல என்று அம்மா சொல்வாள். நானும் அதையே நம்பினேன்.

இப்போது எனக்கு முப்பத்தொன்பது, அப்பாவுக்கு அறுபத்தொன்பது. போன மாதம் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் இருப்பது நாலாவது மாடியில். லிஃப்ட் பழுதாகி இரண்டு வாரம். கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போன மெக்கானிக் வரவே இல்லை. அப்பா அந்தத் தாளைப் படித்துவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டார். "பெரிய பழுதெல்லாம் ஒண்ணுமில்ல, அரை மணி நேர வேலை. சோம்பேறிப் பசங்க" என்று திட்டிவிட்டுப் படியேறினார். அம்மாவின் முட்டி நல்ல முட்டி. பேத்தியைப் பார்க்கும் அவசரத்தில் எங்களுக்கு முன்பே ஏறிவிட்டாள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அப்பா உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்பத்தினாலு படி" என்றார். "ஒரு மாடிக்குப் பதினெட்டு."

"எண்ணிட்டா வந்தீங்க?"

"பழக்கம்." காலை நீட்டி முட்டியைத் தடவிக்கொண்டார். "அன்னைக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல மாடிக்கு இருபத்திரண்டு. மூணு தடவ மேல கீழ ஓடினேன். நீ உள்ளேருந்து கை தட்டினே."

முப்பத்திரண்டு வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா, அன்னைக்கு அந்த ரூம்ல என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. நீங்க அடிப்பீங்களான்னு. நான்..."

"தினமும்னு சொன்னே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் முட்டியைத் தடவுவதை நிறுத்தவில்லை.

"எழுதி வச்சிருந்தாங்க. அந்த அம்மா படிக்கப் படிக்க, அதே ஃபோன் ஆளு எனக்குத் தமிழ்ல சொன்னான்."

"பொய்னு சொல்லியிருக்கலாமே அப்பா."

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ட்ரெயினர் தடுத்துட்டாரு. ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப்போகலேன்னா உன்னைத் தனியா வச்சு நாளைக்கும் கேப்பாங்களாம், மறுநாளும் கேப்பாங்களாம். யார் சொல்றது பொய்னு தெரியற வரைக்கும் விட மாட்டாங்களாம். நிமிந்து பாத்தேன். நீ மஞ்சப் பென்சிலக் கையில பிடிச்சிட்டு, ஒண்ணும் வரையாம உக்காந்திருந்தே. காது செவந்து கிடந்தது. சரி, பாப்பா சொல்றதுதான் சரின்னு தலையாட்டிட்டேன். இனிமே அடிக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். ட்ரெயினர் ஜாமீன் நின்னாரு. அத்தோட முடிஞ்சுது."

"செய்யாததைச் செஞ்சேன்னு எப்படிப்பா ஒத்துக்கிட்டீங்க?"

"ஒரு தடவ செஞ்சேன்ல?"

"கம்பெனி உங்களை அப்புறம் அனுப்பாததுக்கும் அதுதான் காரணமா?"

"அந்தக் காகிதம் அவங்களுக்கும் போச்சு. போனா போகுது. அந்தக் குளிர்ல எவன் போய்க் கிடப்பான்?"

சேர்த்து வைத்திருந்த அழுகையெல்லாம் அந்தப் படிக்கட்டில் வந்துவிட்டது. மேலே போகிறவர் யாரோ எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார். எனக்கு வெட்கமாக இல்லை.

"இதையா இத்தனை வருஷமா மனசுல போட்டு வச்சிருந்தே?" என்றார் அப்பா. "கழுதை, இப்ப ஒண்ணு விட்டேன்னா தெரியுமா?"

சொன்ன வேகத்தில் வலது கை மேலே போனது. காது உயரத்தில் அது நின்றதும் அவரே அதைத் திரும்பிப் பார்த்தார். விரல் கணுக்கள் வீங்கி, தோல் சுருங்கியிருந்தது. பைக்குள் போகத்தான் அது இறங்க ஆரம்பித்தது என்று எனக்குத் தெரிந்தது. நான் கண்ணை இறுக மூடி, தலையைக் குனிந்து, இருந்த இடத்திலேயே இருந்தேன்.

கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வந்தது.

நாலாவது மாடியில் அம்மா கதவைத் திறந்தாள். என் தலையைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள், "இப்பதான அவ சீவினா?"